காஸ்பெர்ச்சாக் கணக்கைச் சரியாக எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆப்பிரிக்கக் கால்பந்து அணிகளைப் பயிற்றுவித்த ஐரோப்பியர்கள் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரை, போலந்தின் ஹென்றிக் காஸ்பெர்ச்சாக்குக்கு நான்கே வரி ஒதுக்கியிருந்தது. அதிலும் ஒரு வரி தவறு: மெட்ஸ் பார்சிலோனாவை வென்றதை அவர் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். 1984 அக்டோபரில் பிரான்சின் மெட்ஸ் அணி பார்சிலோனாவை அதன் மைதானத்திலேயே 4-1 என்று சாய்த்தபோது பயிற்சியாளர் மார்செல் உசோன். அதே ஆண்டு மே மாதம் மொனாக்கோவைக் கூடுதல் நேரத்தில் 2-0 என வென்று மெட்ஸுக்குப் பிரெஞ்சுக் கோப்பையை வாங்கித் தந்தவர்தான் காஸ்பெர்ச்சாக். பிறகு, இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியிருந்த செயின்ட் எதியென் அணிக்குப் போய்விட்டார். 1986-ல் அந்த அணி மேலே ஏறியது. இவர் கணக்கில் எழுத வேண்டியது அதைத்தான்.

ஆட்டக்காரராக அவர் போலந்தின் ஸ்டால் மியெலெட்ஸ் அணியின் நடுக்களத்தவர். 1973, 1976 லீக் பட்டங்கள், 61 சர்வதேச ஆட்டங்கள். 1974 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியுடன் ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஆடியதைக் கவனிக்க வேண்டும். போலந்துக்கு வெற்றி கட்டாயம், எதிரணிக்கு டிரா போதும். ஆட்டத்துக்கு முன் கொட்டிய மழையில் மைதானம் குளமாகி, தீயணைப்புப் படை பம்பு வைத்து நீரை இறைத்தது. போலந்தின் பலமே லாட்டோ, கதோகா இருவரும் ஓரத்தில் எடுக்கும் ஓட்டம். நடுக்களத்திலிருந்து அவர்களுக்குத் தள்ளிய பந்து பாதி வழியில் தண்ணீரில் நின்றுவிட்டது. மேற்கு ஜெர்மனியின் முல்லர் அடித்த ஒரே கோலில் இறுதிப்போட்டி வாய்ப்பு போயிற்று. பிரேசிலை வென்று மூன்றாமிடம்தான் கிடைத்தது.

ஆப்பிரிக்காவில் முதலில் ஐவரி கோஸ்ட்: 1994 ஆப்பிரிக்கக் கோப்பையில் மூன்றாமிடம். அந்தப் போட்டியை நடத்திய துனிசியாவோ முதல் ஆட்டத்திலேயே மாலியிடம் 0-2 என அடிவாங்கி முதல் சுற்றோடு நின்றது. அந்த அணியைக் காஸ்பெர்ச்சாக் எடுத்துக்கொண்டார். இரண்டே ஆண்டில், 1996-ல், அது ஜோகன்னஸ்பர்க்கில் இறுதிப்போட்டி ஆடியது. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய மார்க் வில்லியம்ஸ் 73, 75-ஆம் நிமிடங்களில் அடித்த இரண்டு கோல்களில் தென்னாப்பிரிக்கா வென்றது. அடுத்து, 20 ஆண்டுகளுக்குப் பிறகு துனிசியா உலகக் கோப்பைக்குப் போனது. 1998-ல் இங்கிலாந்திடம் 0-2, கொலம்பியாவிடம் 0-1. மூன்றாவது ஆட்டத்துக்கு முன்பே வேலை போயிற்று. தங்கள் கட்டுரையில் இந்தப் பதவி நீக்கம் மட்டும்தான் இருக்கிறது! அந்தத் தொடரின் நடுவிலேயே தென்கொரியாவும் சவூதி அரேபியாவும்கூடப் பயிற்சியாளர்களை அனுப்பிவிட்டன. சவூதி அனுப்பியது 1994-ல் பிரேசிலுக்கு உலகக் கோப்பை வென்று தந்த பரேராவை.

2002 ஆப்பிரிக்கக் கோப்பையில் மாலியை நான்காமிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு நாடு திரும்பி, விஸ்வா கிராகு அணியை எடுத்தார். இத்தாலியின் பார்மாவை வீழ்த்திய அந்த அணி, ஷால்கெயை ஜெர்மனியிலேயே 4-1 என வென்றது. லாசியோவுடன் ரோமில் 3-3. சொந்த ஊரில் 1-2 எனத் தோல்வி. 2004-ல் திபிலீசி டைனமோவுடன் சொந்த ஊரில் 4-3 வெற்றி, வெளியூரில் 1-2 தோல்வி: கூட்டினால் 5-5. அன்றைய வெளியூர் கோல் விதிப்படி (கூட்டல் சமமானால் எதிரணி மைதானத்தில் அதிகம் அடித்த அணிக்கே வெற்றி) விஸ்வா வெளியே. சொந்த மைதானத்தில் விட்ட அந்த மூன்று கோல்கள்தான் கழுத்தை அறுத்தன.

2008 ஆப்பிரிக்கக் கோப்பையில் செனகலைத் தொடரின் நடுவே விட்டு விலகினார். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் 2015 கதை வேறு. அந்த ஆண்டு ஆப்பிரிக்கக் கோப்பையில் அவர் மீண்டும் பயிற்றுவித்த மாலி, முதல் சுற்றின் மூன்று ஆட்டமும் 1-1. கினியாவும் மூன்றும் 1-1. புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல், நேருக்கு நேர் ஆடிய முடிவு எல்லாமே சமம். விதியில் மிஞ்சியது குலுக்கல்தான். மலாபோ நகரில் சீட்டு எடுத்தார்கள், கினியா முன்னேறியது. அந்த இரு அணிகளும் மோதிய ஆட்டத்தில் மாலி கேப்டன் செய்டு கெய்ட்டா அடித்த பெனால்டியை கோல்கீப்பர் தடுத்துவிட்டார். அது உள்ளே போயிருந்தால் சீட்டுக்கே வேலையில்லை. தங்கள் கட்டுரையில் இது ‘முதல் சுற்றில் வெளியேற்றம்’ என்று நிற்கிறது. திருத்தம் வெளியிடும்போது, பக்கத்தில் ‘ஒரு தோல்வியும் இல்லாமல், குலுக்கலில்’ என்று சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கால்பந்து வாசகர் ஒருவர்