ரயில் போன வழியில் சைக்கிள்

அன்புள்ள சேகர்,

முழங்கால் வலி குறைந்துவிட்டது, மருத்துவரும் சைக்கிள் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்தாய். மிகவும் சந்தோஷம். படித்தவுடன் எனக்கு இங்கே அமெரிக்காவில் இருக்கும் எல்ராய்–ஸ்பார்ட்டா சைக்கிள் பாதைதான் நினைவுக்கு வந்தது. விஸ்கான்சினுக்கு மகள் வீட்டுக்கு வரும்போது உன்னை அங்கே கட்டாயம் அழைத்துப் போகப்போகிறேன்.

சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் கம்பெனியின் ரயில் ஓடிய தடம் அது. 1964-இல் ரயில் நின்றுபோனது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, பொடித்த சுண்ணாம்புக்கல் பரப்பிப் பாதையாக்கினார்கள். மொத்தம் 32 மைல். சுற்றிலும் குன்றுகள்தான், ஆனால் உன் முழங்காலுக்குச் சிரமம் இருக்காது. பாரம் இழுக்கும் எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது இல்லையா? அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, ஏற்றத்தை நூறடிக்கு மூன்றடிக்குள் அடக்கியிருக்கிறார்கள்.

வெட்ட முடியாத இடத்தில் மலையையே குடைந்துவிட்டார்கள். மூன்று சுரங்கங்கள். பெரியது முக்கால் மைல் நீளம், 1873-இல் முடித்தது. உள்ளே விளக்கு கிடையாது. சைக்கிளை விட்டு இறங்கி, டார்ச் அடித்துக்கொண்டு, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிரும். பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். மழைக்கோட்டு எடுத்துக்கொள். வாயிலில் பெரிய மரக்கதவுகள் இருக்கின்றன. ஈரம் உறைந்து பாறை பிளந்துவிடக் கூடாது என்று அந்தக் காலத்தில் குளிர் மாதங்களில் மூடியே வைத்திருப்பார்கள். ரயில் வரும்போது திறந்து மூடுவதற்கென்றே ஆள் இருந்தார். இப்போதும் குளிர்காலத்தில் கதவை மூடிவிடுகிறார்கள்.

இப்படி ஒரு தடம் தப்பிப் பிழைப்பது சாதாரண விஷயம் இல்லை. பல இடங்களில் ரயில்வேக்கு நிலத்தின் மேல் வழி உரிமை மட்டும்தான். லைனைக் கைவிட்டால் அது துண்டு துண்டாகப் பக்கத்து நிலக்காரர்களிடம் போய்விடும். அப்புறம் யாராலும் ஒன்று சேர்க்க முடியாது. எல்ராய் பாதை வந்து பல வருஷம் கழித்து, 1983-இல்தான் இதற்கு ஒரு சட்டத் திருத்தம் வந்தது. பிற்காலத்தில் ரயில் திரும்ப வேண்டியிருக்கலாம் என்று தடத்தை முழுசாக வைத்துக்கொண்டு, அதுவரை நடைபாதையாக விடலாம் என்றது. நிலக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1990-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டுதான். ஆனாலும் தடம் பிழைத்ததே பெரிது என்று நினைக்கிறேன்.

சரி, எந்த மாதம் வருகிறாய்? மே முதல் அக்டோபருக்குள் என்றால் சுரங்கம் திறந்திருக்கும். சைக்கிளில் போக நாள் பாஸ் வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். டிக்கெட் போட்டதும் எழுது.

அன்புடன்,
ரவி