இன்னொரு மாதக் குளிசை எழுதுமுன்

திருகோணமலை மாவட்ட எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) வைத்தியர்களுக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம்.

என் மகள் இரண்டு வருடமாக இரும்புச்சத்துக் குளிசை போட்டாள். எத்தனை தடவை பார்த்தாலும் ஹீமோகுளோபின் 11க்குக் கிட்டவே நின்றது. ஒழுங்காகப் போடுவதில்லை என்று கிளினிக்கில் அவளை ஏசினார்கள். நானும் வீட்டில் ஏசினேன். முருங்கையிலை, ஈரல், பேரீச்சம்பழம் என்று கொடுக்காதது இல்லை. மலச்சிக்கலோடு அவதிப்பட்டும் அவள் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. அதை நம்பாமல் போனது இன்றும் மனதை அரிக்கிறது.

போன மாதம் வேறொரு வைத்தியர் அவளுடைய பழைய எஃப்.பி.சி. (முழு இரத்த எண்ணிக்கை) தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 64, சிவப்பணு எண்ணிக்கை 5.6. முதலாவதை இரண்டாவதால் வகுத்து, ஓரத்தில் 11.4 என்று எழுதினார். அப்புறம் எடுத்த, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 68, அதாவது இரும்பு குறையவில்லை. ஹீமோகுளோபினின் ஒரு வகையான ஏ2 5.1 சதவீதம், இருக்கவேண்டியதைவிடக் கூட. அவள் பீட்டா தலசீமியாக் காவி; அதாவது அந்தப் பரம்பரை இரத்த நோயின் மரபணு ஒன்றைச் சுமப்பவள். இரண்டு வருடமும் அந்த எம்.சி.வி., சிவப்பணு எண்கள் கிளினிக் கொப்பிக்குள்ளேதான் இருந்தன.

உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இதைத் தாய்மாரும் வாசிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். இரும்புக் குறைபாடு, தலசீமியாக் காவி என்ற இரண்டு நிலையிலும் சிவப்பணு சிறுத்துப்போகும். இரும்பு குறைந்தால் என்பு மச்சையில் உற்பத்தியே தளர்ந்து, அணுக்களின் எண்ணிக்கை குறையும். சிறிதும் பெரிதுமாக வருவதால், அந்த அளவு வேறுபாட்டைக் காட்டும் ஆர்.டி.டபிள்யூ. ஏறும். காவிகளில் இரும்பு இருக்கும், ஹீமோகுளோபினின் புரதப் பகுதியான குளோபின் சங்கிலிதான் குறைவு. அதனால் அணுக்கள் சின்னதாக, பெரும்பாலும் ஒரே அளவாக, எண்ணிக்கையில் நிறைய இருக்கும். அந்த வகுத்தல் கணக்கை மென்ட்சர் என்ற வைத்தியர் 1973இல் வெளியிட்டார். விடை 13க்குக் கீழே என்றால் தலசீமியாவைச் சந்தேகிக்கலாம், மேலே என்றால் இரும்புக் குறைபாட்டை. சில வேளை பிழைக்கும்; ஆனால் ஒரு சதம் செலவில்லை.

நான் கேட்பது பெரிய விடயம் அல்ல. ஒரு மாதம் ஒழுங்காகக் குளிசை போட்டும் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறாவிட்டால், பிள்ளையை ஏசுமுன் அந்தத் தாளைத் திருப்பிப் பாருங்கள். ஃபெரிட்டினுக்கு எழுதுங்கள். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது அது பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதையும் கவனியுங்கள். இரும்பு குறைந்திருந்தால் ஏ2 அளவும் இறங்கி, காவி நிலை மறைந்துவிடக்கூடும். அப்படியானவர்களுக்கு இரும்பை நிரப்பிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும். தலசீமியாவின் இன்னொரு வகையான ஆல்பாவில் ஏ2 உயராது, அதுவும் நினைவில் இருக்கட்டும்.

மகள் இப்போது ஒன்பது வாரக் கர்ப்பிணி. மருமகனுக்கும் உடனே இரத்தம் எடுத்தோம். கணவன் மனைவி இருவரும் பீட்டா காவி என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, பிறக்கும் பிள்ளை வாழ்நாள் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டிய நிலைக்குப் போகலாம். அறிக்கை வரும்வரை நான் பட்ட பாடு கோணேசருக்குத்தான் தெரியும். மருமகனுக்கு எம்.சி.வி. 88, ஏ2 2.6; இரண்டும் சாதாரண அளவுதான். இந்தச் சோதனையைக் கலியாணத்துக்கு முன்னரே செய்திருக்கலாம். இரண்டு வருடத்துக்கு முந்திய தாள் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

இதை வாசித்துவிட்டு எவரும் தாமாகக் குளிசையை நிறுத்த வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இதே களைப்புத்தான். அவளுக்கு எம்.சி.வி. 70, சிவப்பணு 3.9, ஃபெரிட்டின் 6. அவளுக்குக் குளிசைதான் வேண்டும், மூன்று மாதத்துக்குக் குறையாமல்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஒரு தாய்