கயிறும் மணலும் படத்தில் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடற்கரையில் பறந்த ராட்சதப் பட்டங்களின் வண்ணப் படங்கள் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் முழுப் பக்கத்துக்கு வெளியாகியிருந்தன. அச்சு கண்ணைப் பறித்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பக்கத்தில் ஒரு படத்திலாவது பட்டத்தைப் பிடித்து நிறுத்தும் கயிறு இல்லை, மணல் இல்லை, மனிதர் இல்லை. வெறும் நீலப் பின்னணியில் ஓர் ஆக்டோபஸும் ஒரு திமிங்கிலமும் மிதந்தன. அவை ஆள் உயரமா, பேருந்து நீளமா என்று அறிய வாசகருக்கு வழியே இல்லை. அளவு தெரியாவிட்டால் பெரிய பட்டத்துக்கும் சிறுவர் கையிலுள்ள பட்டத்துக்கும் படத்தில் என்ன வேறுபாடு இருக்க முடியும்?

இத்தகைய பட்டங்களில் பலவற்றுக்குக் குச்சியோ சட்டமோ கிடையாது. முன்புறத் திறப்புகள் வழியே புகும் காற்று, துணியால் தைத்த அறைகளை நிரப்பிப் புடைக்கச் செய்வதால்தான் அவை உருவம் பெறுகின்றன. 1960-களில் அமெரிக்கரான டொமினா ஜால்பெர்ட் உருவாக்கிய, அறைகள் கொண்ட துணிச் சிறகே இதற்கு முன்னோடி. நியூசிலாந்தின் பீட்டர் லின் போன்றோர் பட்டத்தின் பரப்பைச் சுமார் ஆயிரம் சதுர மீட்டர் வரை கொண்டு சென்றனர். இன்னொரு செய்தி பலருக்கு வியப்பளிக்கலாம்: வானில் நாம் ரசிக்கும் மீனும் கரடியும் பல வேளைகளில் தம் பலத்தால் மேலே நிற்பதில்லை. அவற்றுக்கு மேலே அதிக அலங்காரமின்றிப் பறக்கும் வேறொரு பட்டம்தான் பாரத்தைச் சுமக்கிறது. உருவங்கள் அதன் கயிற்றில் இடையிடையே கட்டப்பட்டவை. மீனை மட்டும் வெட்டி எடுத்து அச்சிடுவது, மாப்பிள்ளையை விட்டுவிட்டு மாலையைப் படம் பிடித்த கதைதான்.

இது அழகு பற்றிய குறை மட்டுமன்று. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 20 கி.மீ. வேகக் காற்றில் 20 கிலோ எடைக்கு நிகராக இழுக்கும் துணி, 40 கி.மீ. வேகக் காற்றில் 80 கிலோவுக்கு இழுக்கும். 1906-இல் நிலநடுக்கத்தால் சிதைந்த சான் பிரான்சிஸ்கோவை வானிலிருந்து படமெடுத்த ஜார்ஜ் லாரன்ஸ், இருபது கிலோவுக்கும் மேற்பட்ட புகைப்படக் கருவியை வரிசையாகக் கட்டிய பட்டங்களைக் கொண்டே உயர்த்தினார். 2020 ஆகஸ்ட் 30 அன்று தைவானின் சின்ச்சுவில் கடலோரம் நடந்த பட்டத் திருவிழாவில், ஒரு பெரிய பட்டத்தின் நீண்ட வால் மூன்று வயதுச் சிறுமியைச் சுற்றிக்கொண்டு அவளை வானில் தூக்கியது. நல்வாய்ப்பாகக் குழந்தை உயிர் தப்பியது. அந்தக் காணொளி உலகெங்கும் பரவிய பின்னரும், பெரிய பட்டத்தை வெறும் பொம்மையாகக் காட்டும் படங்களே தொடர்ந்து வெளியாகின்றன. வலுவான பட்டத்தைக் கையால் பிடிப்பதில்லை என்பதையும், மணல் நிரப்பிய பெரிய பைகளைக் குழிதோண்டிப் புதைத்து அதில் கயிற்றைக் கட்டுகிறார்கள் என்பதையும், ஓடும் கயிறு உள்ளங்கையை அறுத்துவிடும் என்பதால் கையுறை அணிகிறார்கள் என்பதையும் அப்படங்களைப் பார்க்கும் ஒருவர் எப்படி அறிவார்?

படம் எடுப்போர் நிற்கும் இடமும் இதோடு தொடர்புடையதே. பகலில் நிலம் சூடேறியதும் கடலிலிருந்து கரை நோக்கிக் காற்று வீசத் தொடங்கும். தடையில்லாத நீர்ப்பரப்பைக் கடந்து வருவதால் அது சீராக இருக்கும். பட்டக்காரர்கள் கடற்கரையை விரும்புவதற்கு முதற்காரணம் இதுவே. ஆனால் அப்போது பட்டம் சாய்வது கரைப்பக்கம், அதாவது கூட்டம் நிற்கும் பக்கம். கயிறு அறுந்தாலோ காற்று திடீரென ஓய்ந்தாலோ பட்டம் விழுவதும் அங்கேதான். ஆகவே நேர் கீழே நின்று அண்ணாந்து எடுப்பதை விட்டு, பக்கவாட்டில் விலகி நின்று எடுப்பதே முறை. மணல் மூட்டையிலிருந்து பட்டம் வரை கயிறு சாய்வாக ஏறும் முழுக் காட்சியும் அங்கிருந்துதான் கிடைக்கும்.

வெயில் பட்டத்துக்குப் பின்னால் இருக்கும்போது துணி ஒளிர்வதையும், உள் அறைகளின் தடுப்புகளும் தையல் கோடுகளும் நிழலாகத் தெரிவதையும் தங்கள் படங்களில் காண முடியவில்லை. வானத்தின் வெளிச்சத்தைக் கணக்கிட்டுக் கேமரா தானாகவே படத்தை இருட்டாக்கிவிடும். ஒளியளவைச் சற்றுக் கூட்டி வைத்தாலே போதும். தொலைநோக்கு லென்ஸ் மட்டும் எச்சரிக்கையோடு கையாளப்பட வேண்டும். நல்ல இடைவெளியில் பறக்கும் பட்டங்களை அது ஒன்றோடொன்று மோதுவதுபோல நெருக்கிக் காட்டுகிறது. அதைப் பார்த்துப் புதியவர்களும் அப்படியே நெருங்கிப் பறக்கவிட முனையலாம்.

எனவே, அடுத்த முறை இத்தகைய பக்கம் வெளியிடும்போது ஒரு படமேனும் மணல் மூட்டை, கயிறு, அருகில் நிற்கும் ஆட்கள், உச்சியில் பட்டம் என முழுமையாக, நெடுவாக்கில் அச்சிடப்பட வேண்டுகிறேன். பட்டத்தின் நீளமும் அதை வடிவமைத்தவர் பெயரும் படக்குறிப்பில் இடம்பெறட்டும். படம் எடுத்தவர் பெயரை மறவாமல் போடும் நாளிதழுக்கு இது கடினமான காரியமாக இராது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்