படித்ததும் கிழித்துப் போட்டுவிடு

பாப்பாவுக்கு,

"ஒண்ணுமில்லம்மா, உட்கார்ந்தா கொஞ்சம் வலிக்குது, அவ்வளவுதான்" என்று சொல்லிப் போனை வைத்தவள், அதற்குப் பிறகு நான் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவே இல்லை. சின்னவளைப் பிடித்து உலுக்கினேன், சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே. நான் கேட்கிற விதத்தில் கேட்டால் யாராக இருந்தாலும் சொல்லிவிடுவார்கள், உனக்கே தெரியும்.

மெழுகு போட்டு அந்த இடத்து முடியை எடுக்கிற பிகினி வாக்ஸ் செய்துகொண்டாய் என்பதற்காக உன்னைக் கேள்வி கேட்க இதை எழுதவில்லை. உன் உடம்பு, உன் இஷ்டம். ஆனால் ஐந்து நாளாகியும் உட்கார முடியவில்லை என்கிறாயே, அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. ஆஸ்பத்திரி வார்டில் அத்தனை வருஷம் வேலை பார்த்தவளுக்கு இதைப் பேசக் கூச்சமா என்று சிரிப்பாய். ஊரார் பெண்களிடம் வராத கூச்சம் பெற்ற பெண்ணிடம் வந்து தொலைக்கிறது. அதனால்தான் கடிதம்.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அத்தை வந்து போனாள், அந்த நில விஷயம் மறுபடி கிளம்பியிருக்கிறது, அதை அப்புறம் எழுதுகிறேன்.

முடியை வேரோடு இழுத்தால் தோல் சும்மா இருக்காது. மயிர்க்கால் ஒவ்வொன்றும் காயம் பட்டுத் திறந்து நிற்கும், மேல்தோலில் ஒரு மெல்லிய படலமும் மெழுகோடு போய்விடும். முதல் இரண்டு நாள் சிவப்பும் எரிச்சலும் வேர்க்குரு மாதிரிப் பொடிப்பொடியான தடிப்பும் வருவது சகஜம், தானாக அடங்கிவிடும். ஐந்தாம் நாள் வலி குறையாமல் ஏறுகிறது என்றால் அது அந்தக் கணக்கில் வராது.

கதவைச் சாத்திக்கொண்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கைக்கண்ணாடியை வைத்து நல்ல வெளிச்சத்தில் பார். முடி இருந்த துளைகளில் வெள்ளை முனையோடு சின்னச் சின்னப் பருக்கள் இருந்தால் மயிர்க்காலில் கிருமி புகுந்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் நம் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் செய்கிற வேலை அது. லேசாக இருந்தால், சுத்தமான துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பத்துப் பதினைந்து நிமிஷம், நாளைக்கு மூன்று தடவை ஒத்தடம் கொடு. ஒவ்வொரு தடவையும் புதுத் துணி. அதிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். கிள்ளாதே.

ஒரே இடத்தில் கெட்டியாக, சூடாக, தொட்டால் உயிர் போகிற வலியோடு உருண்டை இருந்தால் அது கட்டி. கட்டிக்கு டாக்டர்தான், நானும் நீயும் வைத்தியம் பார்க்க முடியாது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் தடவிப் பார். சிவப்பு எதுவரை இருக்கிறதோ அந்த ஓரத்தைச் சுற்றி பேனாவால் கோடு போட்டு வை. வார்டில் நாங்கள் செய்வது இதுதான். சில மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் பரவுகிறது என்று அர்த்தம். கோட்டைத் தாண்டினாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, தெர்மாமீட்டர் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, ராத்திரியாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போ. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதே. பெரியத்தையும் கடைசி வரை ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை என்றுதான் சொன்னாள்.

கொத்தாகச் சின்ன நீர்க்கொப்புளங்கள் வந்து எரிந்தாலும் டாக்டர்தான். அது ஏதாவது வைரஸாக இருக்கலாம். பயப்பட ஒன்றுமில்லை, மருந்து இருக்கிறது. அதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை, டாக்டரிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லு.

யாரோ கொடுத்த ஒரு க்ரீமைப் போடுகிறாயாம். அந்த டியூப்பைத் திருப்பி மருந்தின் பெயரைப் படி. பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் எழுதிக் கொடுக்காமல் போடாதே. முதல் நாள் சுகமாகத்தான் இருக்கும், சிவப்பு மறையும். தோல் மெல்லிசாகிக்கொண்டே போவது வெளியே தெரியாது, அந்த மறைவில் படர்தாமரை படர ஆரம்பித்திருந்தால் அதுவும் தெரியாது. கால் இடுக்குத் தோல் மற்ற இடத்தைவிட மருந்தை அதிகமாக உறிஞ்சும். பவுடர் வேண்டாம். கிருமிநாசினியை அப்படியே ஊற்றுகிற வேலையும் வேண்டாம், வெந்த இடத்தில் நெருப்பு வைப்பது போல ஆகிவிடும். வாசனை சோப்பு, ஸ்ப்ரே எதுவுமே வேண்டாம். வாசனையில்லாத கற்றாழை ஜெல் கொஞ்சம் தடவலாம், அதுவும் வெளித்தோலில் மட்டும், உள்பக்கம் போகக்கூடாது.

இன்னொன்று கேட்க வேண்டும். முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாயே, நிறுத்தி எத்தனை மாதம் ஆகிறது? அந்த மாத்திரை சாப்பிடும்போதும், நிறுத்தி 6 மாதம் வரையும் வாக்ஸ் செய்யக்கூடாது. மெழுகோடு தோலே உரிந்து வந்துவிடும். பார்லரில் அந்தப் பெண் இதைக் கேட்டாளா? ஒரு தடவை மெழுகில் முக்கி எடுத்த குச்சியை உன் மேல் தடவிவிட்டு மறுபடி அதே பாத்திரத்தில் முக்கினாளா? ஒவ்வொரு முக்குக்கும் புதுக் குச்சி எடுக்க வேண்டும். அப்படிச் செய்யாதவர்களிடம் பாதி வேலை நடந்திருந்தாலும் எழுந்து வந்துவிடு. சங்கோஜமாக இருக்கும், இருக்கட்டும்.

வேலை தேடிக்கொண்டதும் வீடு பார்த்துக்கொண்டதும் நீயே. எங்கள் வீட்டில் யாரும் செய்யாததைச் செய்தாய். என் பெண் தைரியசாலி என்று நான் சொல்லாத ஆள் இல்லை. அந்தத் தைரியம் ஒரு டாக்டர் முன்னால் கால் விரித்துப் படுப்பதற்கு மட்டும் எங்கே போகிறது? பெண் டாக்டர் வேண்டும் என்றால் போனிலேயே கேள், ஏற்பாடு செய்வார்கள். நாங்கள் நாள் முழுக்கப் பார்ப்பது உடம்பைத்தான். முடி இருக்கிறதா, வழித்திருக்கிறதா என்று ஒருத்தரும் கணக்கு எடுப்பதில்லை.

சரி, அடுத்த தடவை செய்வாயோ மாட்டாயோ, செய்தால் இதை மறக்காதே. முடி அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வளர்ந்த பிறகுதான் போக வேண்டும். மாதவிலக்கை ஒட்டி வேண்டாம், பலருக்கு அப்போது வலி அதிகம். முடித்து வந்து இரண்டு நாள், வெந்நீர்க் குளியல் வேண்டாம், நீச்சல் குளம் வேண்டாம், வியர்க்க வியர்க்க ஜிம்முக்கும் போகாதே. ஜீன்ஸைத் தூக்கி வை. தளர்ந்த காட்டன் உள்ளாடை போடு, வீட்டில் இருந்தால் அதுவும் வேண்டாம். அந்த இரண்டு நாளும் எல்லா விதத்திலும் அந்த இடத்துக்கு ஓய்வு கொடு. எல்லா விதத்திலும் என்று எழுதிவிட்டேன், அதற்கு மேல் என் பேனா ஓடாது.

உனக்கு அப்பா வீட்டுச் சுருட்டை முடி. திரும்ப முளைக்கும்போது நேராக வராமல் சுருண்டு தோலுக்குள்ளேயே நுழையும். கறுப்பு நூல் ஒன்று தோலுக்கடியில் வளைந்து கிடப்பது போலத் தெரியும், சுற்றி ஒரு பரு. அதை ஊசியால் நோண்டத் தோன்றும், நோண்டாதே. காயமெல்லாம் ஆறி மூன்று நான்கு நாள் போன பிறகு, குளிக்கும்போது மெல்லிய துணியால் வாரத்துக்கு இரண்டு தடவை லேசாகத் தேய்த்துவிட்டு, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவு. நோண்டினால் நம் நிறத்துக்குக் கறுப்புத் தழும்பு விழும், மாதக் கணக்கில் போகாது. அதைப் போக்க இன்னொரு க்ரீம், அதனால் இன்னொரு எரிச்சல். முகத்தில் பருவைக் கிள்ளிக் கிள்ளி என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியாததா? கையை வைக்காதே.

சின்னவளிடம் கேட்க மனம் வராத ஒன்றும் இருக்கிறது. நீயாக ஆசைப்பட்டுத்தானே செய்தாய்? இருந்தால் அசிங்கம், சுத்தமில்லை என்று யாராவது சொன்னார்களா? யார் என்று நான் கேட்கவில்லை. அந்த முடி அழுக்கு இல்லை. அங்கே தோலும் தோலும் உரசுகிற உரசலைத் தாங்க அது இருக்கிறது. எடுத்தால் சுத்தம் கூடப்போவதும் இல்லை, விட்டால் குறையப்போவதும் இல்லை. உனக்குப் பிடித்திருந்தால் செய், ஜாக்கிரதையாகச் செய். இன்னொருத்தர் முகம் சுளிப்பாரே என்று வலியைப் பொறுத்துக்கொண்டு படுத்திருந்தாய் என்றால் எனக்கு வயிறு எரியும். இதற்குப் பதில் எழுத வேண்டாம். மற்றதற்கு எழுது: உருண்டை இருக்கிறதா, காய்ச்சல் எவ்வளவு, மாத்திரையை எப்போது நிறுத்தினாய்.

எதற்கும் இன்றைக்கே டாக்டரிடம் நேரம் வாங்கிவிடு. போகும்போது அந்த டியூப்பையும் எடுத்துக்கொண்டு போ. ஆன்டிபயாடிக் கொடுத்தால் வலி நின்றதும் நிறுத்திவிடாதே, சொன்ன நாள் முழுக்கச் சாப்பிடு. நீ பாதியில் நிறுத்துகிற ஆள்.

உனக்கு என்ன என்று அப்பா கேட்டார். முதுகு வலி, நாற்காலி சரியில்லையாம் என்று சொல்லியிருக்கிறேன். உடனே உனக்கு நல்ல நாற்காலி வாங்கி அனுப்ப வேண்டும் என்று கிளம்பிவிட்டார். அவர் போன் செய்தால் நீயும் முதுகு என்றே சொல்லு, நாற்காலி வந்தால் வாங்கி வைத்துக்கொள்.

அம்மா