கதிர் சீரியலுக்குப் போகட்டும்

திருச்சி

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. கண்ணில் புரை எடுத்ததால் டாக்டர் படிக்கவும் விடவில்லை, எழுதவும் விடவில்லை. இப்போது தேவலை. எதிர்வீட்டு மாடியில் காயும் துணியில் எது கிழிசல் என்றுகூடச் சொல்லிவிடுவேன்.

கதிருக்கு சீரியல் வாய்ப்பு வந்ததில் உனக்குப் பாதி சந்தோஷம், பாதி கடுப்பு. மேடையில் கற்றதையெல்லாம் மாமியார் மருமகள் சண்டையில் கொண்டுபோய்க் கொட்டுவதா என்று கேட்கிறாய். கண்ணை மூடிப் படுத்திருந்த நாட்களில் நான் பேட்ரிக் ஸ்டூவர்ட்டின் பேட்டிகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். தெரியுமில்லையா, எக்ஸ்-மென் படத்தில் சக்கர நாற்காலியில் வரும் வழுக்கைத்தலைப் பேராசிரியர்.

யார்க்‌ஷயரில் மிர்ஃபீல்டு என்ற சின்ன ஊர்க்காரர், 1940-ல் பிறந்தவர். 15 வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தார். கூட்டத்துக்குப் போய்ச் செய்தி எடுக்க வேண்டிய நேரத்தில் நாடக ஒத்திகையில் இருப்பாராம். செய்தியை யாரிடமாவது கேட்டு எழுதுவார், கிடைக்காவிட்டால் தானே கட்டிவிடுவார். குட்டு உடைந்தது. வேலையா நாடகமா என்றார்கள், வேலையை விட்டார். பிரிஸ்டல் ஓல்டு விக் நாடகப் பள்ளியில் படித்துவிட்டு, 1966-ல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற நாடகக் குழுவுக்கு வந்தார். அங்கே பதினைந்து வருஷத்துக்கு மேல்.

பிறகு ஒருநாள் அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் வசனம் வாசித்தபோது, பார்க்க வந்திருந்த தயாரிப்பாளர் ராபர்ட் ஜஸ்ட்மன் "நம் கேப்டன் இவர்தான்" என்று பிடித்துக்கொண்டார். விண்கப்பல் கேப்டன் கதையான 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' டிவி தொடருக்கு. அதை உருவாக்கிய ஜீன் ராடன்பெரிக்கோ அந்த வழுக்கை பிடிக்கவில்லை. லண்டனிலிருந்து அவசரமாக டோப்பா வரவழைத்து, அதை மாட்டிக்கொண்டு தேர்வுக்குப் போனார் மனுஷன். கடைசியில் டோப்பா வேண்டாம், ஆள் மட்டும் போதும் என்றார்களாம்!

அவருடைய நண்பர், நடிகர் இயன் மெக்கெல்லன் உன்னைப் போலவேதான், மேடையை விட்டுப் போகாதே என்று தடுத்துப் பார்த்தார். ஒரு வருஷம்கூட ஓடாது என்று மற்றவர்கள் தைரியம் சொன்னதால்தான் இவர் ஆறு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்தே போட்டார். கொஞ்ச நாள் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. 1987-ல் தொடங்கியது, ஏழு வருஷம், 178 எபிசோடு ஓடியது.

எனக்குப் பிடித்தது வேறு. முதல் வருஷம் செட்டில் மற்ற நடிகர்கள் சிரித்துப் பேசிக் கும்மாளம் போட்டபோது, இவர் எல்லோரையும் கூட்டி வைத்து, "நாம் இங்கே ஜாலியாக இருக்க வரவில்லை" என்று கண்டித்திருக்கிறார். அவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். போகப் போக இவரே அந்தச் செட்டில் பெரிய குறும்புக்காரராகிவிட்டார். இங்கிலாந்து ராஜாக்களாக மேடைச் சிம்மாசனங்களில் உட்கார்ந்ததெல்லாம் அந்தக் கேப்டன் நாற்காலிக்கான பயிற்சிதான் என்பார். அதற்காக மேடையை விட்டுவிடவில்லை. தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1991-ல், டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதையை நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் ஒற்றை ஆளாக நடித்தார்.

அதனால் கதிர் போகட்டும். ஒன்றை மட்டும் சொல்லிவை: கேமரா ஒரு முழம் தள்ளித்தான் இருக்கும், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி கத்த வேண்டாம். நாம் மாரியம்மன் திருவிழாவில், நடுவில் தொங்கிய ஒற்றை மைக்குக்கு ஆளாளுக்கு முண்டியடித்து வசனம் பேசியவர்கள். அந்தப் பழக்கம் அவனுக்கும் உன்னிடமிருந்து கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

பொங்கலுக்கு வா. அன்றைக்குக் கடைசிக் காட்சியில் என் தலையிலிருந்து கழன்று மிருதங்கக்காரர் மடியில் விழுந்ததே ஒரு டோப்பா, அது இன்னும் உன் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எலி கடிக்காமல் இருந்தால் எடுத்து வா.

அன்புடன்,
ராமு