குன்னூர் மாமாவுக்கு: பழைய கார் கண்காட்சி பற்றி

யார்க்ஷயர், இங்கிலாந்து

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நலம். அங்கே அத்தையும் பிள்ளைகளும் நலம்தானே? குன்னூரில் பழைய கார்களைக் கூட்டி ஒருநாள் கண்காட்சி வைக்க, இங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

சின்ன ஊர்களில் கோடை ஞாயிறுகளில் ஏதாவது ஒரு புல்வெளியில் நடத்துகிறார்கள். சொன்ன நேரத்துக்குள் வண்டிகள் உள்ளே வந்துவிட வேண்டும். முடியும்வரை ஒரு வண்டியும் நகரக்கூடாது. குழந்தைகள் ஓடும் இடம், இதில் மட்டும் தாட்சண்யம் பார்க்காதீர்கள். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தட்டு, சக்கரம் உருளாமல் முட்டுக்கட்டை, கண்ணாடியில் மாடலும் வருடமும் எழுதிய அட்டை. மாரிஸ் மைனர் என்ற சின்னக் கார்தான் அதிகம் நிற்கும். 1948 முதல் 1971 வரை வந்த வண்டி. 40 வயது தாண்டிய வண்டிக்கு இங்கே சாலை வரி இல்லை. பெரிதாக மாற்றாமல் வைத்திருந்தால் வருடாந்தரச் சோதனையும் இல்லை. எனக்கென்னவோ இந்தச் சலுகை பிடிக்கவில்லை. பிரேக்கை யாராவது பார்த்தே ஆகவேண்டும்.

வண்டிகள் வழி தவறாமல் வரிசையாகப் போக இவர்கள் வைத்திருக்கும் வழி நமக்கும் உதவும். திருப்பம் வந்தால், முதல் வண்டிக்கு அடுத்தது ஓரமாக நின்று வழிகாட்டும். கடைசி வண்டி வந்ததும் அதற்கு முன்னால் சேர்ந்துகொள்ளும். சிக்னல் கிடைக்காத மலையில் செல்போனை நம்ப வேண்டாம்.

நம் ஊருக்கு வேறு கவலைகள் உண்டு. கோவையிலிருந்து வருகிறவர்கள் மேட்டுப்பாளையத்திலேயே ரேடியேட்டர் மூடியைப் பார்க்கட்டும். அதன் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது. அழுத்தம் இல்லாவிட்டால் குன்னூர் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சூடான மூடியைத் திறக்கவே கூடாது. ஏற்றத்தில் திணறி நின்றால் பெட்ரோல் பம்பும் குழாயும் சூடாகிப் பெட்ரோல் ஆவியாகியிருக்கலாம். பம்பின்மேல் ஈரத்துணி போட்டுக் கொஞ்சம் பொறுத்தால் கிளம்பிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸையும் பம்புக்குள் இருக்கும் டயாபிரம் என்ற ரப்பர் தகட்டையும் தின்றுவிடும். அதற்கேற்ற ஹோஸாக மாற்றச் சொல்லுங்கள்.

மேலே காற்று மெலிவதால் எஞ்சினுக்குப் போகும் மிக்சர் ரிச் ஆகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகும்; பிளக் கரியாகும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் எஸ்.யூ. வகை என்றால், ஐட்லிங்கில் (வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது) அதன் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் தூக்கிப் பாருங்கள். எஞ்சின் வேகம் ஏறி, இறங்காமல் அப்படியே இருந்தால் ரிச். எஞ்சின் அணையப் போனால் லீன், பெட்ரோல் குறைவு. லேசாக ஏறி இறங்கினால் சரி.

இறக்கத்தில்தான் பயம். இரண்டாவது கியரிலேயே வரட்டும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. ஈரம் இழுத்த பழைய ஆயிலின் வேலை அது. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் பிரேக் லைனிங் சூடேறிப் பிடிப்பு விட்டது. இரண்டுக்கும் ஓரங்கட்டி ஆறவிடுவதுதான் வழி. ஆயிலை இரண்டு வருடத்துக்கொருமுறை மாற்றுவது நல்லது. பனிமூட்டத்தில் ஹெட்லைட்டோடு டிராஃபிக்கில் நின்றால் டைனமோ ஐட்லிங்கில் சார்ஜ் கொடுக்காது, பேட்டரி இறங்கிவிடும். ஆகவே சீசன் கூட்டத்தில், ஏப்ரல் மே வேண்டவே வேண்டாம்.

இங்கே கண்காட்சி ஓரத்தில் பழைய பாகங்கள் விற்கிறார்கள். அம்பாசடர், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸிலிருந்து வந்ததுதானே, சிலது பொருந்தும். பிரிக்காத டப்பா என்று சொல்லி ரப்பர் சீல் விற்பார்கள்; பல வருடம் கிடந்த ரப்பர் பழையதுதான், அதை வாங்கமாட்டேன். சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர்களின் உள்விட்டத்தை, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனியாக, மெக்கானிக்கிடம் அளந்து எழுதச் சொல்லுங்கள். பொருந்துவது கிடைத்தால் அனுப்புகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்