அந்தச் சிவப்பு நெல்லைத் தள்ளிவிடாதே

அன்புள்ள கண்ணம்மா,

ஞாயிற்றுக்கிழமை ஐவரி கோஸ்டின் புவாக்கேயிலிருந்து போனில் நீ சொன்னது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. "இங்க இன்னும் அந்தப் பழைய சிவப்பு நெல்லையும் போடுறாங்கப்பா, காத்தடிச்சா சாயுது, பழுத்தா உதிருது" என்றாய். உண்மைதான். ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலியில் நைஜர் ஆறு பரந்து விரிகிற சதுப்பில் அந்த ஊர் மக்கள் சுமார் 3000 வருஷத்துக்கு முன்பே பழக்கியெடுத்த ஆப்பிரிக்க நெல் அது. நம் ஆசிய நெல் அந்தக் கரைக்குப் போய் 500 வருஷம் இருந்தால் அதிகம்.

அதன் இளம்பயிரைக் குனிந்து பார். இலை அகலமாக விரிந்து, தொங்கி, தரையை மூடும், கீழே களைக்கு வெயில் கிடைக்காது. தண்ணீர் கட்ட முடியாத மேட்டு நிலத்தில் களைதான் பெரிய எதிரி, அதைப் பிடுங்குவது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்தான்.

நீ இருக்கிற அதே புவாக்கேயில்தான் 1991-ல் சியரா லியோன்காரர் மான்டி ஜோன்ஸ் இந்த இரண்டு நெல்லையும் சேர்க்க இறங்கினார். பூ விரியுமுன் நெல்லின் நுனியைக் கத்தரித்து ஆறு மகரந்தப் பையையும் எடுப்பது உனக்குத் தெரிந்த வேலை, ஆனால் அந்த ஒட்டில் வந்த செடி பதராகவே போனது. ஆசியத் தாயோடு திரும்பத் திரும்பச் சேர்த்து, மகரந்தப் பையிலிருந்தே ஆய்வகத்தில் செடி வளர்த்தெடுக்கும் வேலையும் செய்து, அப்புறம்தான் மணி பிடித்தது. அதுதான் நெரிக்கா என்கிற புது நெல். 90, 100 நாளில் அறுப்புக்கு வருகிற ரகங்கள், போன விளைச்சல் தீர்ந்து வீட்டில் நெல் இல்லாத மாதத்தில் மற்ற நெல்லைவிட ஒரு மாதம் முந்துவது எவ்வளவு பெரிசு! 2004-ல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, ரகங்களை ஒரே வயலில் நட்டு விவசாயிகளையே, முக்கியமாகப் பெண்களை, நடந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்களே, அதுதான். மறு வருஷம் தேர்ந்ததை வீட்டுக்குக் கொண்டுபோய் விதைத்தார்கள், மூன்றாம் வருஷம் காசு கொடுத்து விதை வாங்குகிறார்களா என்று பார்த்தார்கள்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் மூட்டைக் கணக்கை மட்டும் பார்த்து ஒரு ரகத்தை ஊர் ஊராகக் கொடுத்தோம். அடுத்த வருஷம் ஒருவரும் விதைக்கவில்லை. கேட்டதற்கு ஒரு அம்மா, "ராத்திரி தண்ணி ஊத்தி வச்சா காலைல சோறு கரைஞ்சு கூழாயிடுது தம்பி" என்றார். அதை எங்கள் நோட்டில் எழுதக் கட்டமே இல்லை.

அடுத்த தடவை கிராமத்து வயலுக்குப் போகும்போது அளவுகோலை எடுக்குமுன் களை பறிக்கிறவர்களோடு ஒரு காலை நேரம் உட்கார்ந்து பறி. அவர்கள் எந்த வரிசையில் நின்று திரும்பிப் பார்க்கிறார்கள், ஏன் என்று எனக்கு எழுது. அப்புறம், அம்மா மலேரியா மாத்திரை இருக்கிறதா என்று கேட்கிறாள்.

அப்பா